கிளட்ச் புதுசு, ஆனாலும் உதறுதுங்க: நல்ல பட்டறை சொல்லுங்க

வணக்கமுங்க. வேற வண்டி எஞ்சின் ஏத்திக் கட்டின ஜீப். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதுசு. தட்டோட விட்டம் ஃப்ளைவீலுக்கும் (எஞ்சின் பின்னாடி சுத்தற கனமான சக்கரம்), ஸ்ப்லைன் (தட்டு நடுவுல இருக்கற பல்லு வரிசை) கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கும் சரியாப் பொருந்துது. முதல் கியர்ல பெடலை விடுறப்ப வண்டி உதறுது. கியர்பாக்ஸ் இறக்கிப் பாத்தா எண்ணெய்க் கசிவு இல்ல. ஃப்ளைவீல் முகத்துல நீலம் பாரிச்ச சூட்டுத் திட்டுங்க. அந்த இடம் இறுகிப்போயிருக்கும், உப்புத்தாளுக்கு அசையாது, கிரைண்டிங்தான். படி வெச்ச ஃப்ளைவீல்ங்கிறதால (தட்டு உரசற முகமும் பிரஷர் பிளேட் உக்கார்ற முகமும் வேற வேற உயரம்) பிரஷர் பிளேட் உக்கார்ற முகத்தையும் அதே அளவு எடுக்கோணும், இல்லாட்டி பிடிமானம் மாறிரும்.

வேகத்துல வர்ற அதிர்வு வேற. கிளட்ச்சை மிதிச்சாலும் நிக்கல. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோற தண்டு) வெட்டி வெல்டு வெச்சது, பேலன்ஸ் பண்ணல. ரெண்டு முனையிலயும் இருக்கற யோக் (கவட்டை) ஒரே நேர்லதான் இருக்கு, அதுல மாட்டற கிராஸ்ல (சிலுவை மூட்டுல) ஆட்டமில்ல.

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் இந்த ரெண்டு வேலையும் சுத்தமாச் செய்யற பட்டறை எதுங்க அண்ணா?