அயனிக் கால்வாயா, அயனிமடையா?

அன்பர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். செல்லின் சவ்வில் இருந்துகொண்டு கால்சியம் போன்ற அயனிகளுக்கு (மின்னூட்டம் கொண்ட அணுக்களுக்கு) வழிவிடும் புரதத்தை ஆங்கிலத்தில் ion channel என்பார்கள். தமிழில் 'அயனிக் கால்வாய்' என்று எழுதிவருகிறோம். அந்தச் சொல்லை மாற்றலாமா என்பதுதான் பேச்சு.

"கால்வாய் பாடநூலில் ஏறிவிட்டது, இனி எதற்கு மாற்றம்?" என்று பினாங்கு அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் நஞ்சுக்கொடியில் கால்சியம் செய்யும் வேலையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் இடிக்கிறது.

பிறக்கும் குழந்தையின் உடலில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கும். பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் தாயிடமிருந்து வருவது. தாயின் இரத்தம் நஞ்சுக்கொடியில் தொடுவது பல உட்கருக்கள் கொண்ட ஒரே படலத்தை. அதில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சந்து கிடையாது. அதனால் கால்சியம் பெரும்பாலும் படலத்தின் ஊடாகவே போயாக வேண்டும். தாய்ப் பக்கச் சவ்வில் டிஆர்பிவி6 என்ற புரதம் வழிவிடுகிறது. உள்ளே கால்பிண்டின் என்ற இன்னொரு புரதம் சுமந்து செல்கிறது. சேயின் இரத்தத்தில் கால்சியம் தாயினுடையதைவிடக் கூடுதல் என்பதால், அந்தப் பக்கம் எக்கிகள் (pump) செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துத் தள்ளுகின்றன. (எக்கி நல்ல சொல், அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.)

சிக்கல் டிஆர்பிவி6-இல்தான். செல்லுக்குள் தனித்து நிற்கும் கால்சியம், வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழி திறந்தே கிடந்தால் செல் தாங்காது. எனவே உள்ளே வந்த கால்சியமே வழியை மூடுகிறது. அது கால்மோடுலின் என்ற சிறு புரதத்தில் ஒட்ட, கால்மோடுலின் டிஆர்பிவி6-ஐ அடியிலிருந்து பற்றிக்கொண்டு, தன் லைசின் (ஓர் அமினோ அமிலம்) ஒன்றைத் துளைக்குள் நீட்டி அடைத்துவிடுகிறது. அதே சவ்வில் அயனிகளுக்கு வழிவிடும் இன்னொரு புரதமான பாலிசிஸ்டின்-2 வேறு மாதிரி: உட்புறம் ஓரளவு கால்சியம் இருந்தால்தான் அது சுறுசுறுப்பாக இயங்கும்.

இப்படித் திறந்தும் மூடியும் நிற்பதைக் கால்வாய் என்றால் எப்படிப் பொருந்தும்? கால்வாய் வெட்டிவிட்ட தடம், நீர் வந்தால் ஓடும், அவ்வளவுதான். கரையில் வைத்து, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது அடைப்பது மடை. ஆகவே 'அயனிமடை' என்று முன்மொழிகிறேன். இதிலிருந்து மடைத்துளை, மடைத்திறப்பு, மடையடைப்பு எல்லாம் தானாகக் கிளைக்கும். மேலே சொன்ன நிகழ்வு 'கால்சியம்சார் மடையடைப்பு' ஆகிவிடும். அதையே 'கால்வாய் செயலிழப்பு' (channel inactivation) என்று எழுதினால் ஏதோ பழுதாகிவிட்டது போலத் தொனிக்கிறது. உண்மையில் அது செல்லைக் காக்கும் வேலை.

ஒரு தடை சொல்வீர்கள், தெரியும். நம் ஊரில் மடை என்றதும் சாமிக்குப் போடும் படையல் நினைவுக்கு வரும். சரிதான். ஆனால் 'அயனி' முன்னால் ஒட்டி நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. மதகு என்றும் யோசித்தேன். அது பெரும்பாலும் அணையின் கதவைக் குறிப்பதால், புரதத்தில் அசைந்து மூடும் பகுதிக்கு மட்டும் ஒதுக்கலாம்.

நம் பிள்ளைகள் பலர் இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படிக்கிறார்கள். மலாயில் இதைச் 'சாலுரான்' என்பார்கள். தொலைக்காட்சி அலைவரிசைக்கும் அதே சொல்தான். வீட்டில் தமிழில் விளக்க முயலும் பெற்றோருக்காவது பொருள் காட்டும் சொல் ஒன்று இருக்கட்டும்.

அப்புறம், அந்தப் பல்லுட்கருப் படலத்துக்கு இன்னும் பெயர் அமையவில்லை. 'பல்கரு ஊட்டப்படலம்' என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். 'பல்கரு' என்றதும் இரட்டைக் குழந்தைகளின் கரு என்று படுமோ என்பதுதான் என் தயக்கம். மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.