ஸ்கூட்டரில் பக்கப் பை, பெட்டி பொருத்திய மொரிஷியஸ் அன்பர்களின் அனுபவங்கள்

காத்ர் போர்ன் அன்பர்:
தைப்பூசக் காவடிக்கு முந்திய சனிக்கிழமை, சந்தையில் வாங்கிய எலுமிச்சம் பழங்களைப் புதிய பக்கப் பைகளில் நிரப்பிக்கொண்டு கோர் த கார்த் மலையடிக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கப் பைக்கும் சைலன்சருக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருப்பதை வெறும் பையாக இருந்தபோதே பார்த்து நிம்மதியடைந்திருந்தேன். வழியில் நைலான் கருகும் வாடை வந்தது. முன்னால் போன லாரியின் வாடை என்று எண்ணினேன். பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்தவே திரும்பிப் பார்த்தால், பையின் அடி உருகிச் சைலன்சரின் மேல் கரும்பாகு போல இழுபட்டுக்கொண்டிருந்தது. பழங்கள் ஒவ்வொன்றாக விழுந்து சாலையோரக் கால்வாய் வரை உருண்டிருந்தன. பேருந்திலிருந்து இறங்கிய பாட்டி ஒருவர், முந்தானையில் பொறுக்கிய ஆறு பழங்களை ஒரு வார்த்தையும் பேசாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ரோஸ் ஹில் அன்பர்:
பக்கப் பை ஸ்கூட்டருக்கு ஆகாது என்று நான் எப்போதும் சொல்லி வருகிறேன். இருக்கைக்குப் பின்னால் மாட்டும் மூடிபோட்ட பெட்டியான டாப் பாக்ஸ் போட்டிருந்தால் ஒரு பழமும் விழுந்திருக்காது.

கியூர்பிப் அன்பர்:
ரோஸ் ஹில் ஐயா சொல்வதை ஏற்க இயலவில்லை. மூன்று கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்ததைப் பாராமல், என் டாப் பாக்ஸில் பத்துக் கிலோ அரிசியை வைத்துக்கொண்டு போர்ட் லூயிஸுக்கு இறங்கினேன். தூறலில் வேகம் கூடியதும் கைப்பிடி தானாக உதறத் தொடங்கியது. பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் பாரம் தொங்கினால் முன்சக்கரம் இலேசாகிவிடும் என்பதை அந்த அரை நிமிடத்தில் கற்றுக்கொண்டேன். சாலையோரம் நிறுத்திய பின்னும் கைகள் நடுங்கின.

மாஹெபூர் அன்பர்:
எனக்கு நேர்ந்தது சிறியது: பை இண்டிகேட்டரை மறைத்ததால் பின்னால் வந்த கார் உரசியது. ஆனால் பை உருகியதில் யாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சைலன்சர் என்ஜினோடும் சக்கரத்தோடும் சேர்ந்து மேலும் கீழும் அசையும். பையோ இருக்கையிலிருந்து தொங்குகிறது. ஆகவே ஆள் ஏறி உட்கார்ந்த பிறகே இடைவெளியை அளக்க வேண்டும். பை உள்ளே ஒதுங்காதபடி இரும்புச் சட்டம் அடித்து, கீழ் வாரைப் பின்னிருக்கைக்காரரின் கால்மிதியில் கட்டுங்கள். கனமான பொருளை முன்னால் கால்வைக்கும் தளத்தில், திருப்பும்போது கைப்பிடியில் இடிக்காதவாறு வையுங்கள். இடப்பக்கம், பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் இருக்கும் பெட்டிக்குக் காற்றுப் போகும் வாயை அடைக்காதீர்கள். பின் டயரின் காற்றைச் சுமைக்கு ஏற்பக் கூட்டுங்கள். கொக்கிக் கயிற்றின் நுனி சக்கரத்துக்குள் போகாமல் முடிந்துவிடுங்கள். மழைக்காலத்தில்...

காத்ர் போர்ன் அன்பர்:
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை; சட்டம் அப்போதே அடித்தாயிற்று. சைலன்சரில் ஒட்டிய நைலான் மட்டும் கம்பித் தூரிகைக்கும் அசையவில்லை. என்ஜின் சூடேறினால் இன்றைக்கும் அந்த வாடை வருகிறது.