வியூ 3 படிவத்தில் தமிழ்ப் பெயர்களை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி

வியூ 3 (இணையப் பக்கங்களை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு) கொண்டு எழுதிய உறுப்பினர் பதிவுப் படிவம் ஒன்றில், பெயர்ப் பெட்டியை வி-மாடலுடன் (பெட்டியையும் நிரலின் மாறியையும் பிணைக்கும் வசதி) இணைத்து, அதன் மதிப்பை ஒரு கம்ப்யூட்டட் (மதிப்பு மாறும்போது தானே மறுபடி கணக்கிடப்படும் பண்பு) வழியாகச் சரிபார்க்கிறேன். எந்த மொழிப் பெயரையும் ஏற்க வேண்டும் என்பதால், ரெஜெக்ஸில் (உரை எந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லும் கோவை) யூனிகோடின் ‘லெட்டர்’ வகையை, யூனிகோடு வகைகளைப் புரியவைக்கும் யு ஃபிளாகுடன் கொடுத்திருக்கிறேன். ‘கமல’ என்று உள்ளிட்டால் ஏற்கிறது; ‘மாரிமுத்து’ என்றால் செல்லாது என்கிறது. மேலும், கணினியில் முதல் எழுத்தைத் தட்டியவுடனேயே பிழைச்செய்தி வந்துவிடுகிறது. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளிலோ சொல்லை முடித்து இடைவெளி விடும்வரை எதுவுமே நடப்பதில்லை. இவை ஒரே கோளாறின் விளைவுகளா?

மறுமொழி 1

இல்லை, இவை வெவ்வேறு. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘லெட்டர்’ வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை ‘மார்க்’ வகையைச் சேர்ந்தவை. ‘கமல’ என்பதில் அகரமேறிய மெய்கள் மட்டுமே இருப்பதால் அது தப்பிவிடுகிறது. ‘மார்க்’ வகையையும் சேருங்கள். ‘கு. மாரிமுத்து’ என முன்னெழுத்துடன் எழுதுவதே நம் வழக்கம் என்பதால், முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் அனுமதிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பெயருக்கு ரெஜெக்ஸே தேவையில்லை. வெற்றாக இல்லை என்று பார்த்தால் போதும்.

மறுமொழி 2

நேரம் பற்றிய பகுதிக்கு: விசைப்பலகை எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருக்கும்போது (சொல் இன்னும் உறுதியாகாத நிலையில்) வி-மாடல் மதிப்பைப் புதுப்பிப்பதில்லை. இது வியூ வேண்டுமென்றே செய்வது. ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் பல, முழுச் சொல்லையும் அப்படியே கோத்து வைத்திருக்கின்றன. உடனுக்குடன் மதிப்பு வேண்டுமானால், வி-மாடலை விட்டுவிட்டு, வேல்யூவைப் பிணைத்து இன்புட் நிகழ்வை நீங்களே கையாளுங்கள். பிழைச்செய்தியை மட்டும் பயனர் பெட்டியை விட்டு வெளியேறும் பிளர் நிகழ்வுக்குப் பிறகு காட்டுங்கள். ஒருமுறை காட்டிய பிறகு, அவர் திருத்தத் திருத்த அது மறைவதுதான் முறை.

கேட்டவர்

மிக்க நன்றி, இரண்டும் சரியாகிவிட்டன. குறைந்தது 2 எழுத்து என்ற விதியை, உரையின் நீளத்தைத் தரும் லெங்த் கொண்டு எழுதியிருக்கிறேன். அது தமிழுக்குப் பொருந்துமா?

மறுமொழி 3

பொருந்தாது. லெங்த் எண்ணுவது யூடிஎஃப்-16 அலகுகளை; அதில் மெய்யும் அதன் குறியும் தனித்தனி அலகுகள். ‘கு’ என்ற ஓரெழுத்தின் லெங்த் 2 என்பதால் அது உங்கள் விதியைத் தாண்டிவிடும். ‘மாரிமுத்து’ 5 எழுத்து, ஆனால் லெங்த் 10. நாம் எண்ணுவதுபோல எண்ண வேண்டுமானால், உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்டல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். பயர்பாக்ஸில் அது 2024-இல் வெளியான 125-ஆம் பதிப்பிலிருந்துதான் கிடைக்கிறது. (அதுவும் ‘க்ஷ’வை இரண்டாகவே எண்ணும்.) மேல்வரம்புக்கு மட்டும் லெங்த்தே ஏற்றது, ஏனெனில் மையெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் வார்சார் (நீள வரம்புள்ள உரை) பத்தியும் குறிகளைத் தனித்தனியாகவே கணக்கிடுகிறது. ‘ொ’ குறியை ஒரே குறியீடாகவும், ‘ெ’ உடன் ‘ா’ சேர்த்து இரண்டாகவும் உள்ளிட முடியும் என்பதால், சேமிப்பதற்கு முன் நார்மலைஸ் செய்து, இவற்றை ஒரே குறியீடாக இணைக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவாருங்கள். இதே விதிகளைச் சர்வரிலும் எழுதுங்கள். உலாவியில் நடக்கும் சரிபார்ப்பைத் தாண்டி எவரும் நேரடியாகத் தரவை அனுப்ப முடியும்.