மின்னொளிக் கபடிக்கு 20,000 ரூபாய்க்குள் எந்த லென்ஸ்?

வியாசர்பாடி வாசகன் கேட்டது:

வணக்கம். எங்கள் பகுதியில் கோடையில் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளை இரண்டு ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறேன். இதில் எனக்கு வருமானம் எதுவும் இல்லை. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் என்னோடு படித்தவர்கள் என்பதுதான் காரணம். என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமரா, அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ், பிறகு வாங்கிய 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். பகல் ஆட்டங்களில் 55-250 மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இரவில், மூலைக்கு ஒன்றாக நட்டிருக்கும் கம்பங்களின் வெளிச்சத்தில், ஐ.எஸ்.ஓ.வை (ஒளியுணர் திறனை) 6400 வரை ஏற்றியும் 250 மி.மீ. பக்கத்தில் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்கு மேல் போவதில்லை. நிற்பவர்கள் தெளிவாக விழுகிறார்கள். பாடிப் போகிறவரின் கைகளும் கால்களும் மட்டும் புகைபோலக் கலைந்துவிடுகின்றன. ஆட்டக்காரர்களின் கண் கூசும் என்பதால் ஃப்ளாஷ் போட அனுமதி இல்லை.

20,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்) வாங்கலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருக்கிறேன். 50 எஃப் 1.8 போதுமா, அல்லது இன்னும் ஓராண்டு பணம் சேர்த்துப் பழைய 70-200 எஃப் 2.8 தேடுவது நல்லதா? 55-250இல் படத்தை நிலைப்படுத்தும் ஐ.எஸ். வசதி இருந்தும் அது ஏன் உதவவில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை.

பழைய ஷட்டர் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஐ.எஸ். சரிக்கட்டுவது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே; எதிரில் ஓடுகிறவரின் வேகத்தை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு 1/500க்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும், கபடியில் கால் வீசும் நேரங்களுக்கு 1/800 இருந்தால் இன்னும் நிம்மதி. உங்கள் 55-250 நீண்ட முனையில் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கிறது. எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும் என்பதால், அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/125 என்பது 1/1250 ஆகிவிடும், அல்லது 3200க்கு இறங்கி 1/640 வைத்துக்கொள்ளலாம். 70-200 எஃப் 2.8 நல்ல லென்ஸ்தான், ஆனால் எஃப் 1.8 தரும் ஒளியில் பாதியைக்கூட அது தராது; ஐ.எஸ். இல்லாத பழைய மாடலே 1.3 கிலோ எடை. நல்ல நிலையில் உள்ளது உங்கள் தொகைக்குள் அடங்கவும் அடங்காது. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களத்துக்கு அவ்வளவு நீளம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை. கால்பந்து என்றால் வேறு பேச்சு.

ஆகவே 85 வாங்குங்கள். அதில் உள்ள யு.எஸ்.எம். மோட்டார் 50இன் எஸ்.டி.எம். மோட்டாரைவிட விரைவாக ஃபோக்கஸ் பிடிக்கும்.

எல்லைக்கோடு எழுதியது:

மேலே எழுதியவரின் கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கபடியைப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் பிடிக்கும் அணியின் பின்கோட்டுக்குப் பின்னால், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்கிறோம். பாடி வருகிறவரின் முகம் அங்கிருந்துதான் தெரியும். அவர் நடுக்கோட்டில் நிற்கும்போது உங்களுக்கும் அவருக்கும் இடையே ஒன்பது மீட்டர் இருக்கும். நடுக்கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் இடையே உள்ள பாக் லைனைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அது ஆறு மீட்டருக்கும் குறைந்துவிடும். அந்தத் தூரத்தில், 200டியின் சிறிய சென்சாரில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் 85 மி.மீ. காட்டுவது ஒன்றரை மீட்டர் உயரம். பிடி விழும் அந்த நொடியில் ஒன்று தலை போகும், இல்லையென்றால் கால் போகும். 50 என்றால் இரண்டரை மீட்டர் கிடைக்கும், தாவுகிறவரும் அவரது கணுக்காலைப் பற்றியிருப்பவரும் ஒரே படத்தில் அடங்குவார்கள்.

எங்கள் வாதங்களை நம்ப வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நீங்கள் அழிக்காமல் வைத்திருக்கும் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.இல் எடுக்கப்பட்டது என்று கோப்பின் விவரத்தில் பாருங்கள்.

ஈரக்காற்று எழுதியது:

எதை வாங்கினாலும், பழையதாக வாங்குவதென்றால் ஒரு வார்த்தை. நம் ஊரின் கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சளி பிடிப்பதைப் போலச் சாதாரணம். நான் ஒருமுறை கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போலப் படர்ந்திருந்தது. கேனான் லென்ஸ்களைக் கேமராவிலிருந்து கழற்றினாலும் ஒளி புகும் துளை முழுதாகத் திறந்தே இருக்கும், எனவே இந்தச் சோதனையைக் கடையிலேயே அரை நிமிடத்தில் செய்துவிடலாம். வாங்கிய பிறகு தோல் உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல்லை மாதம் ஒருமுறை சூடாக்கிக் காயவைத்தால்.

பழைய ஷட்டர் எழுதியது:

எல்லைக்கோடு சொன்ன தூரக் கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நான் எடுப்பது பெரும்பாலும் கைப்பந்து. அங்கே இவ்வளவு நெருங்க விடமாட்டார்கள்.

புதிய லென்ஸோடு கூடவே வரப்போகும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மைதானங்களில் உள்ள பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 1/125இல் அது கண்ணில் படாது. 1/800க்குப் போனதும், அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் ஒன்று பழுப்பேறியும் வரும். கேமரா கெட்டுவிட்டதென்று பயந்துவிடாதீர்கள். ரா கோப்பாக (வெளிச்சத்தையும் நிறத்தையும் பிறகு திருத்த இடம் தரும் மூலக் கோப்பு) எடுங்கள், ஒரே அசைவுக்கு நான்கைந்து படங்களைத் தொடர்ச்சியாகத் தட்டுங்கள். ஃபோக்கஸுக்கு, ஓடுகிறவரை விடாமல் பின்தொடரும் ஏ.ஐ. சர்வோவும் நடுப்புள்ளியும் மட்டும் போதும். 200டியின் ஒன்பது ஃபோக்கஸ் புள்ளிகளில், நெடுக்கு, கிடை என இரு திசைக் கோடுகளையும் பிடிக்கும் குறுக்கு வகையைச் சேர்ந்தது அந்த ஒன்றுதான்.

வியாசர்பாடி வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். அழிக்காமல் வைத்திருந்த 140 இரவுப் படங்களில் 83 படங்கள் 55 மி.மீ.க்கும் 65க்கும் இடையே எடுக்கப்பட்டவை. அவற்றிலும் பெரும்பாலானவை சரியாக 55இல் நிற்கின்றன, அதாவது ஜூம் அதற்கு மேல் பின்னால் வர மறுத்திருக்கிறது. அந்த முனையில் லென்ஸ் எஃப் 4 வரை திறந்து 1/250 கொடுத்திருக்கிறது, அப்படியும் கலங்கல்தான். 250 மி.மீ.இல் எடுத்தவை ஆறு, ஆறிலும் வரிசையில் நிற்கும் நடுவர்கள்.

ஆகவே 50ஐப் புதிதாகவே வாங்குகிறேன். என் தொகையில் ஏறக்குறைய பாதிக்கு முடிந்துவிடுகிறது, டார்ச் அடித்துப் பார்க்கும் வேலையும் இல்லை. இறுதி ஆட்டத்தன்று மட்டும் ஒரு நாள் வாடகைக்கு 85 எடுத்து, பின்கோட்டுக்குப் பதிலாக எதிர் மூலையில் நின்று முகங்களை முயன்று பார்க்கிறேன்.