பழைய ஜாஸ் ஆல்பம் கேக்கற நம்ம பக்கத்து ஆளுக இருக்கீங்களா? உங்களுக்கு உசுரான ஒன்னு சொல்லுங்க

திருப்பூர்_நைட்ஷிப்ட்:

வணக்கங்க எல்லாத்துக்கும். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கறனுங்க. சினிமா பாட்டும் நோம்பிக்கு அடிக்கற ஜமாப்பும் கேட்டு வளந்தவன், ஜாஸ் பக்கம் வந்தது இப்பத்தான். யூடியூப் அதுவா எடுத்துக் குடுக்கற பிளேலிஸ்ட்ட ஓட உட்டுட்டு வேலை செஞ்சுட்டு இருந்தேன், எல்லாமே ஒரே மாதிரி மெதுவா போயிட்டே இருக்கும், யாரு வாசிக்கறாங்க எந்த வருசம் ஒன்னும் தெரியாது. அதுக்கு நடுவால மைல்ஸ் டேவிஸோட ‘சோ வாட்’ வந்துச்சு பாருங்க, கைல இருந்த வேலைய அப்புடியே நிறுத்திட்டேன். அது ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ங்கற ஆல்பம்னு தேடித் தெரிஞ்சுக்கிட்டு முழுசா கேட்டேன், இப்ப தெனமும் ராத்திரி அதுதான் ஓடுது.

நான் கேக்கறது என்னன்னா, 50, 60கள்ல வந்த ஆல்பத்துல உங்களுக்கு நெம்ப புடிச்சது ஒன்னே ஒன்னு சொல்லுங்க. ‘கேட்டே ஆகோணும் 100’ங்கற லிஸ்ட்டெல்லாம் நெட்ல கெடக்குது, அது வேண்டாம். ஏன் புடிச்சுது, அதுல எத கவனிச்சுக் கேக்கோணும், அத சொல்லுங்க. இன்னொரு சந்தேகமும் இருக்குதுங்க. ஆரம்பத்துல மெட்டு வருது, புரியுது. அதுக்கப்பறம் ஒவ்வொருத்தரா சோலோ வாசிக்கறாங்கல்ல, அப்ப பாட்டு எங்க இருக்குதுன்னே எனக்குப் புடிபடறதில்ல. உங்களுக்கெல்லாம் எப்புடி புடிபடுது?

பேரூர்_கீபோர்டு:

தம்பி, நல்ல எடத்துல தான் ஆரம்பிச்சிருக்கீங்க. சந்தேகத்துக்கு பதில் நீங்க கேட்ட ‘சோ வாட்’லயே இருக்குது, அதையே வெச்சுக்குவோம். 32 பார் தான் மொத்தம், ஒரு பார்னா நாலு எண்ணம். ஆதி தாளம் போட்டு எண்ணுனீங்கன்னா நாலு நாலு ஆவர்த்தனமா நாலு பாகம். மொத ரெண்டு பாகமும் டி டோரியன், அதாவது டி-ய சட்ஜமா வெச்ச நம்ம கரகரப்பிரியா ஸ்வரங்க தான். மூனாவது பாகத்துல அந்த ஸ்கேல் முழுசும் அப்புடியே அரை ஸ்வரம் மேல ஏறுது, நாலாவதுல திரும்பி பழைய எடத்துக்கு எறங்கிருது. அவ்வளவுதான் பாட்டு. ட்ரம்பெட்ல மைல்ஸ், சாக்ஸ்ல ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் அடர்லி, பியானோல பில் எவன்ஸ்னு அந்த வரிசைல சோலோ வருது, யாரு வாசிச்சாலும் அடியில இந்த 32 பார் மாறாம சுத்திட்டே இருக்கும். நீங்க சோலோ வாசிக்கறவர உட்டுப்போட்டு பேஸ்ஸ புடிங்க, அடியில கனமா கேக்கற பெரிய தந்தி வாத்தியம், வாசிக்கறது பால் சேம்பர்ஸ். அவரு அரை ஸ்வரம் மேல போற எடம் தெளிவா கேக்கும், அதத்தான் அடையாளமா வெச்சுக்கோணும். ஒருக்கா அந்த ஏத்தம் காதுல உழுந்துருச்சுன்னா அப்பறம் தொலையவே மாட்டீங்க.

ஆரம்பத்துல மெட்டு வர்ற எடத்தையும் கவனிச்சுப் பாருங்க. அங்க பேஸ் தான் கேள்வி கேக்குது, மத்தவங்க எல்லாம் ரெண்டே ரெண்டு ஸ்வரத்துல பதில் சொல்றாங்க. நம்மூர் கும்மில வாத்தியார் ஒரு அடி எடுத்துக் குடுக்க கூட்டம் திருப்பிப் பாடுமில்லைங்களா, அந்த மொறை தான்.

கூட வாசிச்சுப் பழகறவங்களுக்கு ஒன்னு சொல்லோணும். இந்த ஆல்பத்தோட மொத பக்கத்துல இருக்கற மூனு பாட்டும் 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவானது. அன்னைக்கு மாஸ்டர் டேப் ஓடுன மிஷினு கொஞ்சம் மெதுவா ஓடிருச்சு. அதனால சாதாரண வேகத்துல திருப்பிப் போட்டா சுருதி சித்த ஏறிக் கேக்கும். பழைய ரெக்கார்டு, பழைய சிடி எல்லாத்துலயும் அப்புடித்தான் வந்துச்சு, 90கள்ல தான் கூடவே ஓடுன இன்னொரு டேப்ப வெச்சு சரி பண்ணுனாங்க. கீபோர்டு எடுத்து வெச்சு கூட வாசிக்கறப்ப சுருதி சேரலைன்னா உங்க காதச் சந்தேகப்படாதீங்க, எந்தப் பதிப்புன்னு பாருங்க.

ஈரோடு_மிருதங்கம்:

பேரூர் அண்ணா அருமையா சொல்லிட்டாரு. எனக்கு உசுரு டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட்டோட ‘டைம் அவுட்’ தானுங்க, அதுவும் அதே 1959, அதே நியூயார்க் 30வது தெரு கொலம்பியா ஸ்டுடியோ. முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம் அது, கூரை நல்ல ஒசரம், அந்த ரெண்டு ஆல்பத்துலயும் வாத்தியத்த சுத்தி ஒரு காத்தோட்டம் இருக்கற மாதிரி கேக்கறதுக்கு அந்த ஹாலுந்தான் காரணம்.

எல்லாரும் ‘டேக் ஃபைவ்’ தான் சொல்லுவாங்க, அஞ்செண்ணம், பியானோவ கவனிச்சா தகிட தகன்னு மூனும் ரெண்டுமா சுத்திட்டே இருக்கும், அதத்தான் புடிச்சுக்கோணும், ஏன்னா நடுவுல ஜோ மொரெல்லோ ட்ரம்ஸ் சோலோ வாசிக்கறப்ப அஞ்ச தூக்கிப் போட்டுட்டு அவரு பாட்டுக்கு கணக்கு போவாரு, பியானோ மட்டும் உடாம கூடவே வரும், தனி ஆவர்த்தனத்துக்கு தாளம் போட்டுக் குடுக்கற வேலைய அங்க பியானோ செய்யுது. மெட்டு போட்டது பால் டெஸ்மண்ட், ஆல்டோ சாக்ஸ் வாசிச்சவரு. அவரு 1977ல செத்தப்ப அந்தப் பாட்டுக்கு வர்ற ராயல்டிய அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வெச்சுட்டுப் போனாரு.

ஆனா எனக்குப் பெருசு மொதப் பாட்டு, ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’. ஒம்போது எண்ணம். தக தக தக தகிட, தக தக தக தகிட, தக தக தக தகிட, நாலாவது தரம் தகிட தகிட தகிட. சொல்லிப் பாருங்க, வாய்ல சொல்லச் சொல்ல கை தானா போட ஆரம்பிச்சுரும். 1958ல அமெரிக்க அரசாங்கம் இவங்கள வெளிநாட்டு டூருக்கு அனுப்புச்சு, துருக்கில தெருவுல வாசிச்சவங்க கிட்ட ப்ரூபெக் இந்த ஒம்போதக் கேட்டாரு, அதுல இருந்து வந்தது தான் இது. அதே டூர்ல இந்தியாவுக்கும் வந்தாங்க. அந்த வருசமே வந்த ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ல ‘கல்கத்தா ப்ளூஸ்’னு ஒரு பாட்டு இருக்குது. மிருதங்கமோ தவிலோ பறையோ பழகறவங்க யாரா இருந்தாலும் நான் மொதல்ல கைல குடுக்கறது ‘டைம் அவுட்’ தான், அவங்களுக்கு விளக்கமே வேண்டியதில்ல.

கோபி_அம்மணி:

எல்லாரும் வாத்தியமாவே சொல்றீங்க, நான் குரலுக்கு வர்றேன். ‘எல்லா அண்ட் லூயிஸ்’, 1956. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கும். எங்கூட்ல அம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டுன்னாலே ஆகாது, ஆனா இத வெச்சா ரேடியோ சவுண்ட கொறைக்கச் சொல்லாம கேப்பாங்க. எல்லா குரல்ல ஒரு சொரசொரப்பு கூட இருக்காது, லூயிஸ் குரல் முழுக்க சொரசொரப்பு, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடறப்ப ஒருத்தர ஒருத்தர் அமுக்கப் பாக்கறதே இல்ல. பின்னாடி ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ரே பிரவுன் பேஸ், எவ்வளவு வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக, பாடறவங்களுக்கு வழி உட்டு எவ்வளவு கம்மியா வாசிச்சிருக்காங்கன்னு கேளுங்க. தம்பி, சோலோல தொலையறீங்கன்னா இதுல இருந்து வாங்க, வரி தெரிஞ்சா பாட்டோட எடமும் தெரியும், லூயிஸ் ட்ரம்பெட் எடுக்கறப்ப மனசுல அந்த வரியப் பாடிக்கிட்டே கேளுங்க.

வால்பாறை_மழை:

நமக்கு பில் எவன்ஸ். ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’. 1961 ஜூன் 25, ஞாயித்துக்கெழம, நியூயார்க்ல ஒரு சின்ன கிளப்புல மத்தியானமும் சாயந்திரமும் வாசிச்சது. ஆளுக பேசறது, கிளாஸ் மோதறது எல்லாம் ரெக்கார்டுல இருக்குது. பேஸ் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸ் பால் மோஷன்.

பேரூர் அண்ணா பேஸ்ஸ புடிங்கன்னாரு, அது சரி, ஆனா இந்த ஆல்பத்துல அந்த வழி செல்லாதுங்க. லஃபாரோ கணக்கு காட்டிட்டு அடியில நிக்கற ஆளில்ல. பியானோ ஒரு வாக்கியம் சொன்னா அவரு மேல ஏறி வந்து இன்னொன்னு சொல்லுவாரு, சில எடத்துல ரெண்டு பேரும் ஒன்னாப் பேசுவாங்க, யாரு மெயின் யாரு பக்கவாத்தியம்னு பிரிக்க முடியாது. வலது எடது ரெண்டு பக்கமும் சரியா ஹெட்போன மாட்டிட்டு கேளுங்க, ஒரு சுத்து பியானோவ மட்டும், அடுத்த சுத்து பேஸ்ஸ மட்டும். அந்த ஞாயித்துக்கெழம முடிஞ்சு 11 நாள்ல லஃபாரோ கார் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, 25 வயசு. அதுக்கப்பறம் அவருக்காகன்னே பாட்டுகளப் பொறுக்கி இந்த ஆல்பத்த வெளியிட்டாங்க, மொதப் பாட்டும் கடைசிப் பாட்டும் அவரு போட்டது. மிச்சம் இருந்தது ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ன்னு இன்னொரு ஆல்பமா வந்துச்சு. ரெண்டையும் சேத்துத்தான் கேக்கோணும்.

செட்டிபாளையத்துக்காரன்:

இத்தன பேரு எழுதியிருக்கீங்க, நம்ம மண்ணு பேரு இருக்கற ஆல்பத்த ஒருத்தரும் சொல்லலீங்களே. ஆலிஸ் கோல்ட்ரேன், ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. வெளிவந்தது 1971, தம்பி கேட்ட காலத்த சித்த தாண்டுது, ஆனா ரெக்கார்டு பண்ணுனது 1970ல, அதனால தயங்காம சொல்றேன்.

அந்த சச்சிதானந்தா யாருன்னு நெனைக்கறீங்க? போத்தனூர் தாண்டி இருக்கற எங்க செட்டிபாளையத்துல 1914ல பொறந்தவருங்க. ரிஷிகேஷ் சிவானந்தர் கிட்ட சந்நியாசம் வாங்கி, இலங்கைல கொஞ்ச காலம் இருந்து, 1966ல நியூயார்க் போயி அங்கயே யோகா சொல்லிக் குடுத்தவரு. 1969ல அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவுல அவ்வளவு கூட்டத்துக்கு முன்னாடி ஆரம்ப உரை பேசுனவரும் அவரு தான். எங்கூர்ல அவரு சாமியாரா தெரியும், வுட்ஸ்டாக் வரைக்கும் கூட தெரியும், ஆனா அவரு பேர்ல இப்புடி ஒரு ஜாஸ் ஆல்பம் இருக்குதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நான் போன்ல போட்டுக் காட்டித்தான் நம்ப வெப்பேன்.

ஆலிஸ் அம்மா டெட்ராய்ட்காரங்க, சர்ச்சுல வாசிச்சுப் பழகி, ஜாஸ் பியானோவுக்கு வந்து, 1966ல இருந்து கணவர் ஜான் கோல்ட்ரேன் குரூப்லயே பியானோ வாசிச்சவங்க. 1967 ஜூலைல ஜான் போயிட்டாரு, வயசு 40 தான், கைல நாலு கொழந்தைக. அந்தத் துக்கத்துல இருந்தப்ப தான் சச்சிதானந்தரப் பாத்தாங்க, மனசுக்கு ஒரு புடிமானம் கெடச்சுது. பாட்டக் கேளுங்க, மொதல்ல தம்புரா, நம்ம தம்புராவே தான், துளசிங்கறவங்க போடறாங்க. அப்பறம் செசில் மக்பீ பேஸ்ல ஒரு சின்ன சுத்து, அது பாட்டு முடியற வரைக்கும் மாறறதே இல்ல. அதுக்கு மேல ஆலிஸோட ஹார்ப் வந்து எறங்குது, ஒரு கை இழுப்புல அத்தன கம்பியும். பொறவு ஃபேரோ சாண்டர்ஸ் சோப்ரானோ சாக்ஸ்ல வர்றாரு, மத்த எடத்துல கத்தற மாதிரி வாசிக்கற மனுசன் இதுல அவ்வளவு அடக்கமா வாசிப்பாரு. சோலோல தொலையறேன்னு தம்பி சொன்னீங்கல்ல, இதுல எண்ண வேண்டிய பார் எதுவுமில்ல, சுருதி ஒன்னு தான், அதுலயே நில்லுங்க போதும்.

ஆலிஸ் பொறவு தானும் சந்நியாசம் எடுத்து கலிஃபோர்னியாவுல ஆசிரமம் வெச்சு பஜனை பாடிட்டு இருந்தாங்க. 2007ல காலமானாங்க.

பேரூர்_கீபோர்டு:

செட்டிபாளையத்தாரே, நல்லா சொன்னீங்க. ஆனா தம்பிக்கு ஒன்னு, ஆலிஸுக்கு முன்னாடி ஜானோட ‘எ லவ் சுப்ரீம்’ கேட்டுட்டுப் போங்க. 1964 டிசம்பர் 9, ஒரே நாள்ல ரெக்கார்டு பண்ணுனது, நாலு பாகம். மொதப் பாகத்துல பேஸ் நாலு ஸ்வரம் வாசிக்கும், கோல்ட்ரேன் கடைசில அந்த நாலையே எடுத்து ஒவ்வொரு சுருதியா மாத்தி மாத்தி பன்னண்டுலயும் வாசிச்சுட்டு அப்பறம் வாயாலயும் பாடறாரு.

கோபி_அம்மணி:

அண்ணா, அத புதுசா வர்றவங்களுக்குக் குடுக்கலாமுங்களா? மூனாவது பாகம் எல்வின் ஜோன்ஸ் ட்ரம்ஸ்ஸும் சாக்ஸும் சேந்து மேல வந்து உழுகறப்ப எனக்கே ஆரம்பத்துல தாங்கல.

பேரூர்_கீபோர்டு:

குடுக்கலாம் அம்மணி, நாலாவது பாகத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் குடுக்கலாம். ஆல்பத்து அட்டைல கோல்ட்ரேன் கடவுளப் பத்தி ஒரு கவிதை எழுதியிருக்காரு, அந்த வார்த்தைகளத்தான் நாலாவது பாகத்துல சாக்ஸ்ல வாசிக்கறாரு, ஒவ்வொரு சொல்லா. நம்ம நாதஸ்வரக்காரங்க சாகித்யத்த மனசுல வெச்சு கீர்த்தனை வாசிக்கறாங்கல்ல, அதத்தான் அங்கயும் செஞ்சிருக்காரு. கவிதைய முன்னால வெச்சுக்கிட்டு விரல் ஓட்டி கேட்டா எந்த வரில இருக்காருன்னு புடிச்சுரலாம். அத கேட்டுட்டு மொதல்ல இருந்து வந்தா மூனாவது பாகம் எதுக்கு அவ்வளவு வேகமா ஓடுதுன்னும் புரியும்.

திருப்பூர்_நைட்ஷிப்ட்:

எல்லாத்துக்கும் நெம்ப நன்றிங்க. பேரூர் அண்ணா, சொன்ன மாதிரி பேஸ்ஸ மட்டும் புடிச்சு ‘சோ வாட்’ கேட்டேன், கோல்ட்ரேன் வாசிக்கறப்ப அரை ஸ்வரம் மேல போற எடம் தெளிவா கேட்டுச்சு, ரெண்டு சுத்து வாசிக்கறாரு, ரெண்டு தரமும் புடிச்சுட்டேன்! ஈரோட்டு அண்ணா சொன்ன ஒம்போத கட்டிங் செக்‌ஷன்ல இருக்கற நம்ம தப்பட்டைக்காரப் பையனுக்கு அனுப்பி உட்டேன், டேபிள்ல போட்டு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கான், மூனாவதுக்கு அப்பறம் வர்ற தகிட தகிட தகிட கரெக்டா வந்து உக்காருது. செட்டிபாளையம் அண்ணா சொன்னதத்தான் இன்னும் வெக்கல, வேலைக்கு நடுவுல கேக்க மனசு வரல, ஞாயித்துக்கெழம ஊட்ல ஸ்பீக்கர்ல வெக்கறேன். ஜான் கோல்ட்ரேன்ல நம்ம தம்புரா மாதிரி சுருதி நிக்கறது வேற எதாச்சும் இருக்குதுங்களா?

ஈரோடு_மிருதங்கம்:

இருக்குதுங்க தம்பி. 1961 நவம்பர்ல அதே வில்லேஜ் வேன்கார்ட்ல வாசிச்சது, பாட்டுப் பேரே ‘இந்தியா’, ‘இம்ப்ரெஷன்ஸ்’ங்கற ஆல்பத்துல இருக்குது. ரெண்டு பேஸ் வாசிக்கறாங்க, ஒன்னு சுருதியப் புடிச்சுட்டு நிக்கும், இன்னொன்னு அதச் சுத்தி ஓடும். கூட எரிக் டால்ஃபி பேஸ் கிளாரினெட், அது ஊதற வாத்தியம். ரவிசங்கர் மேல கோல்ட்ரேனுக்கு அவ்வளவு மரியாதை, பையனுக்கே ரவின்னு பேரு வெச்சாரு, அந்தப் பையன் ரவி கோல்ட்ரேனும் இப்ப சாக்ஸ் தான் வாசிக்கறாரு. போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, ரெண்டு பேஸ்ஸும் சுத்தமா காணாமப் போயிரும்.