நாகசாகியின் டொன்டொன்சாகா: வயதான தாயாருடன் செல்ல உகந்த இடமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாத முதல் வாரத்தில் அறுபத்தேழு வயதான என் தாயாருடன் ஜப்பான் செல்கிறேன். நாகசாகியில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது. காலையில் அமைதிப் பூங்காவையும் அணுகுண்டு அருங்காட்சியகத்தையும் பார்த்த பிறகு, பிற்பகலைக் கூட்டமில்லாத ஓர் இடத்தில் கழிக்க விரும்புகிறோம். ஒராண்டா சாகா என்னும் டச்சுச் சரிவைப் பற்றித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மினாமியாமாதே குன்றில் டொன்டொன்சாகா என்று ஒரு சரிவுத் தெரு இருப்பதாகவும், அங்கு பயணிகள் அதிகம் வருவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். அங்கு எப்படிச் செல்வது, மூட்டுவலி உள்ள என் தாயாரால் நடக்க இயலுமா, உண்மையிலேயே பார்க்கத் தகுந்த இடமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி:
கட்டாயம் செல்லுங்கள். படிப்பின் பொருட்டு நாகசாகியில் மூன்று ஆண்டுகள் வசித்தேன். அந்நகரில் நான் மிகுதியாக நடந்த தெரு அதுதான். ஜப்பானிய மொழியில் சாகா என்றால் சரிவு. டொன்டொன் என்பது நம் 'சலசல', 'தடதட' போன்ற இரட்டைக்கிளவி. மழை பெய்யும்போது தெருவோரக் கல் வடிகாலில் தண்ணீர் பாய்ந்திறங்கும் ஓசையே தெருவுக்குப் பெயராகிவிட்டது. ஒரு தெருவுக்கு அதன் ஒலியைக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள் என்பதே என்னை முதன்முதலாக அங்கு இழுத்துச் சென்றது.

1859இல் துறைமுகம் திறக்கப்பட்டபின் மேலைநாட்டு வணிகர்கள் குடியேற ஒதுக்கப்பட்ட குன்றுகளுள் மினாமியாமாதேயும் ஒன்று. 1899இல் அந்தக் குடியிருப்பு முறை முடிவுக்கு வந்தது. கல் பாவிய தெருக்களும் சில மரவீடுகளும் எஞ்சின. 1991இல் இப்பகுதியை அரசு பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது. குன்றின் மறுபுறத்தில் இருக்கும், ஸ்காட்லாந்து வணிகர் குளோவர் வாழ்ந்த குளோவர் இல்லமும் (1863) ஒவுரா தேவாலயமும் பயணிகளை ஈர்த்துக்கொள்வதால், இந்தச் சரிவு அமைதியாகவே கிடக்கிறது. அவ்விரண்டையும் கட்டியவர் அமாகுசாத் தீவைச் சேர்ந்த கொயாமா ஹிதெனோஷின் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். வெளிநாட்டார் வீடுகள் என்று நாம் சொல்பவற்றில் ஜப்பானியத் தச்சரின் கை எவ்வளவு இருக்கிறது என்பது புலப்படும்.

வழி எளிது. அமைதிப் பூங்காவிலிருந்து முதலாம் எண் டிராமில் ஏறி, ஷின்ச்சி சைனாடவுன் நிறுத்தத்தில் ஐந்தாம் எண்ணுக்கு மாறி, கடைசி நிறுத்தமான இஷிபாஷியில் இறங்குங்கள். அருகிலேயே 'குளோவர் ஸ்கை ரோடு' எனப்படும் சாய்வு மின்தூக்கி இருக்கிறது. குன்றுவாசிகளுக்காக 2002இல் அமைக்கப்பட்டது, கட்டணம் இல்லை. அதில் உச்சிக்குச் சென்றுவிட்டு, அங்கிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்குங்கள். கீழிருந்து ஏறுபவர்களுக்குக் கல் மட்டுமே தெரியும். மேலிருந்து இறங்குபவர்களுக்குக் கடலும் கண்முன் விரியும்.

இரண்டாம் மறுமொழி:
மேலே எழுதியவர் சொன்ன வழியை நானும் ஏற்கிறேன். ஆனால் தாயார் விஷயத்தில் அவர் எதுவும் சொல்லாமல் விட்டதால் இதை எழுதுகிறேன். மூட்டுவலி உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம்; அதுவும் பழைய கற்கள் ஈரமாக இருக்கும்போது மிக ஆபத்து. நல்ல காலணி அணிந்திருந்தும் நான் அங்கு ஒருமுறை வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் அவதிப்பட்டேன். நாகசாகி அமைந்துள்ள வடக்குக் கியூஷுவில் மழைக்காலம் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. நாகசாகியின் மழையை எளிதாக எண்ணிவிட வேண்டாம்: 1982 ஜூலை 23 அன்று பெய்த பெருமழையில், பக்கத்து ஊரான நாகயோவில் ஒரே மணி நேரத்தில் 187 மில்லிமீட்டர் பதிவானது, வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். செங்குத்தான சரிவுகளில் வீடுகள் நெருங்கி நிற்கும் நகரத்தில், அந்த வடிகால்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. தூறல் நின்று சற்று நேரத்தில் சென்றால் ஓசையையும் கேட்கலாம். பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் அன்று குன்றுப்பக்கமே போகாதீர்கள்.

தாயாருக்காக ஒரு யோசனை. மின்தூக்கியின் உச்சியை அடுத்தே, குளோவர் இல்லம் இருக்கும் குளோவர் தோட்டத்தின் இரண்டாம் வாயில் உள்ளது. நுழைவுக் கட்டணம் உண்டு. உள்ளே நகரும் நடைபாதைகளும் இருக்கின்றன. அங்கிருந்து அக்கரையில் 1909இல் நிறுவப்பட்ட 150 டன் கப்பல்தளப் பாரந்தூக்கியும் தெரியும்.

மூன்றாம் மறுமொழி:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டொன்டொன்சாகாவில் மனிதர்கள் வாழ்கிறார்கள். கார் நுழைய முடியாத இத்தகைய சரிவுகளில் பெரும்பாலும் முதியவர்களே தங்கியிருக்கிறார்கள். அரிசிப் பையையும் மண்ணெண்ணெய்க் கலனையும் கையில் சுமந்து ஏறுகிறார்கள். எதிரே வருபவருக்கு ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். 'கொன்னிச்சிவா' என்று சொன்னால் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். வீட்டு வாசல்களைப் படமெடுக்க வேண்டாம். நேரம் மிஞ்சினால், ஒவுரா தேவாலயத்தின் பக்கவாட்டில் ஏறும் கினென்சாகா என்ற கற்சந்துக்கும் செல்லுங்கள். பௌத்தக் கோவில், ஷிண்டோ கோவில், கத்தோலிக்கத் தேவாலயம் மூன்றும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்ததால் இருநூற்றைம்பது ஆண்டுக்காலம் மறைவில் காத்த தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கையை, உராகாமி கிராமத்தார் 1865 மார்ச் 17 அன்று பிரெஞ்சுப் பாதிரியார் பெத்திஜானிடம் வெளிப்படுத்தியது அந்த ஒவுரா தேவாலயத்தில்தான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இருவரும் மின்தூக்கியில் ஏறுவோம். அம்மா தோட்டத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கட்டும், நான் மட்டும் சரிவில் இறங்கித் திரும்பி வருகிறேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, மழை பெய்திருந்தால் அந்த வடிகால் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவந்து தனக்குக் கேட்கத் தர வேண்டும் என்றார்.