மேன் தீவு டிடி ரேஸ்: ‘என் உயிர், என் இஷ்டம்’ என்றால் விட்டுவிடலாமா?

கெடிலக்கரை
அக்கா பையன் கடலூரில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான், இருபது வயது. ராத்திரி முழுக்க மேன் தீவு டிடி வீடியோதான், அதாவது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கிற தீவில் நடக்கும் ‘டூரிஸ்ட் டிராஃபி’ பைக் ரேஸ். நானும் பார்த்தேன். ஊருக்குள் போகிற சாதாரண ரோடு, ஒரு பக்கம் கல் சுவர், இன்னொரு பக்கம் விளக்குக் கம்பம், நடுவில் 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள். அந்தப் பாதையில் எல்லா ரேஸும் சேர்த்து இதுவரை 260 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், 2022 டிடியில் மட்டும் ஆறு பேர். இதை ஏன் தடை செய்யவில்லை என்று கேட்டால் "அவங்க உயிர், அவங்க இஷ்டம் மாமா" என்கிறான். என்ன பதில் சொல்வது?

முத்தியால்பேட்டை ரைடர்
பையன் சொல்வது சரிதான். ரோட்டை முறைப்படி மூடிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள், பத்து விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். 1972இல் அங்கே பர்லோட்டி என்ற ரேஸர் இறந்ததும், பெரிய சாம்பியனான அகோஸ்தினி இனி இங்கே ஓட்ட மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். அப்போது அது உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு ரேஸ், போகாவிட்டால் புள்ளி போச்சு. அதைத்தான் கட்டாயம் என்பேன். 1976க்குப் பிறகு அந்தத் தகுதியை எடுத்துவிட்டார்கள், இன்றைக்குப் போகிறவன் தானாக விரும்பித்தான் போகிறான்.

செல்வி_புதுவை
பைக் ரேஸுக்குப் பேர்போன டன்லப் குடும்பத்தைப் பாருங்கள். ஜோயி 2000இல் எஸ்டோனியா ரேஸில் இறந்தார். தம்பி ராபர்ட் 2008இல் வட அயர்லாந்தில் பயிற்சியின்போது. இரண்டே நாளில் ராபர்ட்டின் மகன் மைக்கேல் அதே இடத்தில் ரேஸ் ஜெயித்தார். 2018இல் இன்னொரு மகன் வில்லியமும் போய்விட்டார். தடை செய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்களிடம் யார் இஷ்டம் கேட்டார்கள்? ‘என் உயிர்’ என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக்
மேன் தீவை விடுங்க சார், ஈசிஆரைப் பாருங்க. ஞாயிறு விடியற்காலையில் காலாப்பட்டு பக்கம் பசங்க விரட்டிக்கொண்டு போகும்போது, மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கிற அம்மாவிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்? பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை உள்ளே போகலாம், அல்லது 5,000 வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எனக்கு அந்த அபராதமே கம்மி.
பையன் வண்டியைப் போய்ப் பாருங்க. டயர் ஓரம் வரை தேய்ந்து, ஃபுட்ரெஸ்ட் நுனியில் உராய்ந்த பளபளப்பு இருந்தால், ஆசாமி வீடியோ பார்ப்பதோடு நிற்கவில்லை என்று அர்த்தம். வளைவில் வண்டியைப் படுக்கப் போட்டு ஓட்டுகிறான். திட்டாதீங்க, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கூட்டிப் போங்க. அங்கே எதிரே பஸ் வராது, விழுந்தால் தூக்க ஆள் இருக்கும்.

கெடிலக்கரை
பார்த்துவிட்டேன். இடது ஃபுட்ரெஸ்ட் நுனி தேய்ந்திருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் இடித்ததாம்! அக்காவிடம் இன்று சாயங்காலம் பேசுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள் பயிற்சிக்கு என்ன கட்டணம், லெதர் சூட் வாடகைக்குக் கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.